வாய்க்குள்ளே பேசுகிறவள்

"ஐம்பது வயசுக்கு மேல என்ன படிப்பு வேண்டிக் கிடக்கு?"

கிளம்பிக்கொண்டிருந்த மனைவியை வாசலில் மறித்தார் தகரப் பட்டறை மேஸ்திரி.

அவள் ஏதோ சொன்னாள். வழக்கம்போல வாய்க்குள்ளேயே. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கொஞ்ச நாளாகவே இதே கதைதான். மருந்துக் கடை வேலை முடிந்து வந்ததும் முகம் கழுவி, தலைவாரி, வகுப்புக்கு ஓட்டம். என்ன வகுப்பு என்று கேட்டால் மழுப்பல்.

பட்டறையில் தகரம் தட்டும் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினான் ஃபிட்டர்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. நூலகத்து மாடியில அண்ணியைப் பார்த்தேன். வாத்தியார் சின்ன வயசுக்காரர். அண்ணி இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல!"

மேஸ்திரி சுத்தியலை வீசி எறிந்தார். ஊரில் இருக்கிறவனிடமெல்லாம் சிரிப்பு. கட்டினவனிடம் பேச மட்டும் வாய் வலிக்கிறதா?

மறுநாள் பின்னாலேயே போனார். மாடி அறையின் கதவு பாதி திறந்திருந்தது.

எல்லோருக்கும் முன்னால் அவள் நின்றிருந்தாள். வாத்தியார் அவள் விரல்களைப் பிடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். அவள் சிரித்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார்.

"கையைப் பிடிச்சுத்தான் பாடமா இங்க?"

எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். வாத்தியார் மட்டும் திரும்பவில்லை. அவள் அவர் தோளைத் தொட்டு, கையால் ஏதோ காட்டினாள். அவர் திரும்பி, மேஸ்திரியைப் பார்த்துச் சிரித்தபடி கைகுவித்தார்.

காது கேளாதவர். இது சைகை மொழி வகுப்பு. மேஸ்திரிக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை.

"இதைக் கத்துக்கிட்டு என்ன கிழிக்கப் போற? மருந்துக் கடையில பதவி ஏத்தித் தரப் போறாங்களா?"

அவள் பதில் சொன்னாள்.

"வாய்க்குள்ளயே பேசாத! சத்தமா சொல்லு!"

வகுப்பில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் கிட்டே வந்தாள். அவர் காதோடு வாயை வைத்து, தொண்டை கிழியக் கத்தினாள். கண் கலங்கியிருந்தது.

"நான் எப்பவுமே சத்தமாத்தாங்க பேசறேன். காது டாக்டர்னு பேச்செடுத்தாலே எரிஞ்சு விழறீங்க. நாளைக்கு என் குரல் உங்களுக்குச் சுத்தமா கேக்காம போனாலும், நமக்குள்ள பேச்சு நின்னுடக் கூடாதில்ல? அதான் முதல்ல நான் கத்துக்கறேன், உங்களுக்குச் சொல்லித் தர!"