செட்

புதுப் பல் செட்டை மாட்டிவிட்டு, "ரெண்டு வாரத்துல செட் ஆயிடும் சார்" என்றார் டாக்டர். மனைவி போன ஆறாம் வருடம் எனக்கு ஒரு துணை பார்த்த மகளும், "செட் ஆயிடும்பா, ஒரு தடவை பேசிட்டு வாங்க" என்றாள். அறுபத்து நான்கு வயதில் வாய்க்குள் ஒன்று, வாழ்க்கைக்குள் ஒன்று, இரண்டும் ஒரே வாரத்தில்.

ஓட்டலில் எதிரே சங்கரவடிவு. நடுவே செட் தோசை, பஞ்சு மாதிரி. முதல் வாயிலேயே மேல்வரிசை கழன்று தோசையோடு கிளம்பியது. வாயை இறுக மூடிக்கொண்டேன். மின்விசிறியைப் பார்த்தேன், காலை ஆட்டினேன். பேசினால் பல் அவர் தட்டில் விழும். பேசாவிட்டால் எழுந்து போய்விடுவார்.

"உங்களுக்கு இதுல இஷ்டம் இல்லியோ?" என்றார்.

தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை.

என் உப்பிய கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். மீண்டும் திரும்பியபோது அவர் கன்னம் ஒட்டியிருந்தது. கைக்குட்டையில் எதையோ பொதிந்து சட்னிக் கிண்ணத்தின் அருகே வைத்தார்.

"இப்ப ஷாப்பிடுங்க" என்றார்.

நான் என் கைக்குட்டையைத் தேடினேன்.