முற்பகலா, பிற்பகலா

ஊராட்சி அலுவலகம் பூட்டிக் கிடந்தது. கலெக்டர் காரை விட்டு இறங்கினாள்.

சாவியைக் காணோம் என்றார் செயலர். தேடியவர் முகமாகத் தெரியவில்லை.

வாசல் வெயிலில் இருளாயி நின்றிருந்தாள். தேர்தலில் ஜெயித்த தலைவர்.

பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சி அது. இருளாயிக்கு முன் ஜெயித்த மூன்று பேரும் பதவியேற்க வேண்டிய நாளில் ராஜினாமா எழுதிக் கொடுத்தார்கள். கை அவர்களுடையது. எழுத வைத்தது ஊர்.

இந்த முறை உறுதிமொழியை நானே வந்து செய்து வைக்கிறேன் என்று சொல்லியிருந்தாள், கலெக்டர்.

அவளுக்காக மூன்று மாதமாக இரண்டு அரசுகள் கடிதத்தில் சண்டை போட்டன. டெல்லி, அவளை மத்தியப் பணிக்கு அனுப்பு என்றது. கோட்டை முடியாது என்றது. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேற்று இரண்டும் சமாதானமாகி, இன்றே விடுவிப்பு என்று உத்தரவு வந்தது. சண்டையைவிட அந்தச் சமாதானம்தான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அவள் போய்விட்டால் இந்த வாசலுக்கு வேறு யாரும் வரப்போவதில்லை. ஊருக்கும் அது தெரியும்.

எதிர் டீக்கடையிலிருந்து ஊர்ப் பெரியவர் எழுந்து வந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

“ஒங்களத்தான் மாத்திட்டாகளாம்லம்மா. இப்ப நீங்க கலெக்டரே இல்லையே?”

அவள் பையிலிருந்து பொறுப்பு ஒப்படைக்கும் சான்றை எடுத்தாள். ஒப்படைத்தது முற்பகலா, பிற்பகலா என்று பொருந்தாததை அடித்து நீக்க வேண்டும்.

மணி பதினொன்றே கால்.

கார் பானெட்டில் வைத்து, முற்பகலைக் கோடு போட்டு அடித்தாள்.

“மத்தியானம் வரைக்கும் நான்தான்.”

பூட்டுக்கு முன்னால், தெருவிலேயே, உறுதிமொழியை வரிவரியாகச் சொல்லிக் கொடுத்தாள். இருளாயி திருப்பிச் சொன்னாள். பெயர் வர வேண்டிய இடத்தில் மட்டும் குரல் நின்றது.

பிறகு அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னாள். டீக்கடைவரை கேட்டது.

கையெழுத்தும் ஆயிற்று.

சாயங்காலம் கலெக்டர் ரயிலேறிவிடுவாள். இருளாயி இங்கேதான் இருந்தாக வேண்டும். அதை நினைத்ததும் தன் தைரியம் ரொம்பச் சுலபமானதாகப் பட்டது. வெட்கமாக இருந்தது.

“வண்டியில ஏறுங்கம்மா. வீட்டுல விட்டுட்டுப் போறேன்.”

காலனிக்காரர்கள் கண்மாய்க் கரையைச் சுற்றித்தான் வீட்டுக்குப் போவார்கள். ஊர்த்தெரு வழியாகப் போனால் பக்கம்தான். ஆனாலும் அதில் நடந்ததில்லை.

இருளாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“இல்லம்மா, ஊர்த்தெரு வழியா நடந்தே போறேன். தலைவரு தெருவப் பாக்க வேணாமா?”

அவள் கார்க் கதவைச் சாத்தினாள். அதற்குள் இருளாயி முதல் வீட்டைத் தாண்டியிருந்தாள்.