கெண்டையோட ஆசை

ஒரு ஏரியில கெண்டை ஒண்ணு இருந்துச்சு. அதோட வயித்துக்குள்ள ஒரு நாடாப்புழு குடியிருந்துச்சு. வாடகை கிடையாது, சாப்பாடும் கெண்டையோடதுதான். இப்படி ஒரு மானங்கெட்ட குடித்தனம் எங்கயாவது உண்டா? ஆனா அந்தப் புழு முட்டை போடணும்னா மீன் தின்னுற நீர்க்காக்கா ஒண்ணோட வயித்துக்குப் போயாகணும். அதனால "மேல போ, மேல போ"ன்னு உள்ளிருந்து ஓதிக்கிட்டே இருக்கும். கெண்டை அதைத் தன்னோட ஆசைன்னு நினைச்சுக்கிச்சு.

"எங்கடா கிளம்பிட்ட?"ன்னு சேத்துல படுத்திருந்த கெளுத்தி கேட்டுச்சு.

"மேல போறேண்ணே. அங்க வெயில் நல்லாருக்கும்னு மனசு சொல்லுது."

"வயிறு வீங்குனதுலேர்ந்து உன் மனசு ரொம்பத்தான் பேசுது. மேல நீர்க்காக்கா சுத்துதுடா."

"என் மனசைப் பத்திப் பேசாதீங்க. மீசை இருந்தா பெரிய ஆளா நீங்க?"

"சரிப்பா, நான் சின்ன ஆளுதான். நீர்க்காக்கா போனதுக்கப்புறம் போலாமான்னு உன் மனசையே கேளு."

கெண்டையும் கேட்டுச்சு.

"அது போனப்புறம் மேல போய் என்னத்துக்கு?"ன்னு உள்ளிருந்து புழு எரிஞ்சு விழுந்துச்சு.

கெண்டை அப்படியே நின்னுடுச்சு. நீர்க்காக்கா போனாலும் வெயில் அங்கதானே இருக்கும்?

அப்புறம் மறுபடியும் "மேல போ"ன்னு குரல் வந்துச்சு. கெண்டையோட வால் தானா ஆட ஆரம்பிச்சுது.

"அண்ணே"ன்னு கெண்டை மெதுவாக் கூப்பிட்டுச்சு. "அந்தக் காக்கா போற வரைக்கும் கொஞ்சம் என் மேல படுத்துக்கோங்க."