ஐந்தாவது வீடு

வீடு வீடாகக் கைமாறும் தெருச் சங்கத்தின் அறிக்கைப் பலகை வந்ததும், முத்திரை செதுக்கும் கன்சோ தன் முத்திரையைச் சிவப்பு மையில் தொட்டு, வாசித்ததற்கு அடையாளமாகத் தன் குடும்பப் பெயரான 'ஹிராகா' கட்டத்தில் பதித்தார்.

"வாசிக்காமலே வைக்கிறீங்களே!" என்றாள் மனைவி யாசுயோ.

"மாசாமாசம் அதே குப்பை வண்டிக் கதைதானே!" என்று சிரித்தபடி, பலகையை அடுத்த வீட்டில் கொடுக்கப் போனார். வழியிலேயே விழுந்து இறந்தார்.

அவர் ஒரே முத்திரையை இரண்டு முறை செதுக்கியதில்லை. அவருடைய முத்திரையையும் அவரோடு சவப்பெட்டியில் வைத்து எரித்தார்கள். யாசுயோ கடையில் வேறொன்று வாங்கிவந்து காத்திருந்தாள். யாராவது அவள் கதவைத் தட்ட இனி அந்தப் பலகை மட்டுந்தான் காரணம்.

மூன்று மாதமாகியும் பலகை வரவில்லை. அதை எடுத்துக்கொண்டு வாசலைக் கடந்த நான்காவது வீட்டு ஒனோதாவை மறித்தாள்.

"எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் தர மாட்டேங்கிற?"

"என்னக்கா, நீங்கதான் பாத்து முத்திரை வச்சிட்டீங்களே!"

பலகையில் ஹிராகா கட்டத்தில் இருந்தது கன்சோவின் முத்திரைதான். யாசுயோ தொட்டாள். விரலில் மை ஒட்டியது.

"இதை நான் வைக்கலம்மா."

"வேற யாரு வைப்பா? வீட்டுல நீங்க ஒருத்திதானே!"

"இருந்தாலும் அடுத்த மாசம் கதவைத் தட்டேன்."

"வச்ச வீட்டுக்கே திரும்பக் கொண்டுவந்தா சங்கத்துல என்னைக் கிண்டல் பண்ணுவாங்கக்கா."

பட்டியலில் ஹிராகா வீடு இன்னும் ஐந்தாவதுதான். பலகை நான்காவது வீட்டிலிருந்து நேராக ஆறாவது வீட்டுக்குப் போகிறது.