செங்கல் பிரட்

முதலாளி பிரட்டை எடுத்து மேஜையில் தட்டினார். வந்த சத்தத்தில், கதவுக்கு வெளியே இருந்த காவலாளி, "கூப்பிட்டீங்களா சார்?" என்று எட்டிப் பார்த்தார்.

"இல்லப்பா, போ." நேர்காணலுக்கு வந்திருந்த அவளிடம் திரும்பினார். "ஏம்மா, இது பிரட்டா, செங்கல்லா?"

"பிரட்தான் சார். நானே சுட்டது."

இந்த வேலையும் கிடைக்காவிட்டால் மாமாவின் துணிக்கடையில் உட்கார்ந்து பில் போட வேண்டியதுதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

"எப்படி இப்படி ஆச்சு?"

"அதுக்கு முன்னாடி பஞ்சு மாதிரி வந்துச்சு சார். அந்தத் திமிருல, புதுசா பண்றேன்னு மாவு, தண்ணி, சூடு எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்திட்டேன். எது காலை வாரிச்சுன்னே தெரியல."

"அப்புறம்?"

"பழைய அளவுக்கே திரும்பிப் போய், ஒவ்வொண்ணா மாத்திப் பார்த்தேன். தண்ணியைக் குறைச்சதுதான் தப்பு. மத்த ரெண்டும் நல்ல யோசனைதான். அடுத்த பிரட்டுக்கு வீட்டுல அடிதடியே நடந்துச்சு."

"அதைக் கொண்டு வந்திருக்கலாமே?"

"நீங்க சொதப்பினது எதையாவது கொண்டு வாங்கன்னுதான சார் கேட்டிருந்தீங்க?"

முதலாளி சிரித்தார். "எல்லார்கிட்டயும் அதைத்தான் கேட்டோம். மத்தவங்க தப்பே இல்லாத ப்ரோகிராமா காட்டிட்டுப் போயிட்டாங்க. நாளைக்கே வந்துடு. அந்த ஜன்னலோர கம்ப்யூட்டர் உனக்கு."

"சார், என் ப்ரோகிராமைப் பார்க்கவே இல்லையே?"

"எழுத்துத் தேர்வுலயே பார்த்தாச்சு."

"ஆனா பிரட்டுல சொதப்பினா எங்க வீடு மட்டும்தான் சார் பட்டினி. ப்ரோகிராம்ல சொதப்பினா?"

"ஊரே பட்டினி, ரேஷன் கடைங்க ஓடுறதே நம்ம ப்ரோகிராம்லதான். புதுசா யோசிக்கிறவங்க சொதப்பத்தான் செய்வாங்க. அதை மறைக்காம மேஜையில வைக்கிற ஆளைத்தான் தேடிட்டிருந்தேன்."