தண்ணீரோடு போன கொப்பி

"சென்ற கூட்ட அறிக்கையை வாசியுங்கோ, செயலாளர்," என்றார் கல்விக் கந்தோரிலிருந்து வந்திருந்த அதிகாரி றஊப்.

சென்ற கூட்டம் நடந்து இரண்டு வருடங்களுக்கு மேலாகிவிட்டது. இடையில் சண்டை, இடப்பெயர்வு, முகாம், இப்போது மீள்குடியேற்றம். ஆனாலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு என்று ஓர் ஒழுங்கு இருக்கிறதே. சென்ற கூட்ட அறிக்கையை வாசிக்க வேண்டும். அன்று இருந்தவர்களில் ஒருவர் சரியென்று முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய வேண்டும். பிறகுதான் மற்ற அலுவல். ஷெல்லுக்கு ஒரு விதியும் கிடையாது, கூட்டத்துக்கு உண்டு.

மற்ற அலுவல் என்பது கூரைத் தகரம். பள்ளிக்கூடம் கூரையில்லாமல் தறப்பாளுக்குக் கீழே நடக்கிறது, மாரி மழை தொடங்க மூன்று கிழமைதான் இருக்கிறது. தகரம் முருங்கனில் வந்து இறங்கியாயிற்று. சங்கம் இன்று தீர்மானம் எழுதிக் கொடுத்தால் நாளைக்கே ஏற்றி வரலாம்.

செயலாளர் மனோன்மணி துணிப்பைக்குள் கையை விட்டாள். மட்டை கையில் தட்டுப்பட்டது. வன்னி முழுக்க ஓடியபோது உடுப்பை விட்டாள், சட்டி பானையை விட்டாள், கூட்ட அறிக்கை எழுதிய இந்தக் கொப்பியை மட்டும் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு திரிந்தாள். செயலாளர் என்றால் அப்படித்தான் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளாகவே அப்படி நினைத்துக்கொண்டாள்.

அதற்குள் சீவரத்தினம் எழுந்து நின்றார். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் ஊர் திரும்பியது அவரும் மனோன்மணியும்தான். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், கணக்குச் சரி.

"வாசிக்க முந்தி நான் ஒரு கதை சொல்லோணும் சேர். அண்டைக்கு நான் எழும்பி நிண்டு சொன்னனான், பள்ளிக்கூடத்தை மூடுங்கோ, பிள்ளையளை விடாதேங்கோ எண்டு. டொமினிக் அதிபர்தான் தவணைச் சோதினை முடியட்டும் எண்டவர். அவரின்ரை சொல்லைக் கேட்டுத்தான் விட்டனாங்கள்."

கூட்டம் முடிந்து மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்தில் ஷெல் விழுந்தது. பதினொரு பிள்ளைகள். அதில் ஒன்று அவருடைய வேணுஜா, பத்து வயது. பிள்ளைகளோடு பள்ளிக்கூட அதிபரும் போய்விட்டார்.

"எல்லாம் அந்தக் கொப்பியில இருக்கு. மனோன்மணிதான் எழுதினவ. உரத்து வாசிக்கட்டும். இவ கேக்கோணும்."

இவ என்றது ஓரத்தில் தலை குனிந்திருந்த மனைவி மங்கையற்கரசியை. வேணுஜா போன அன்றிலிருந்து அவள் அவருக்குச் சமைத்துப் போடுகிறாள், உடுப்புத் தோய்க்கிறாள். ஒரு சொல் பேசுவதில்லை. இப்போது முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி மனோன்மணியைப் பார்த்தாள்.

மனோன்மணி சீவரத்தினத்தைப் பார்த்தாள். பொய் சொல்கிறவரின் முகமல்ல அது. பைக்குள் இருந்த கையை வெறுமையாக வெளியே எடுத்தாள்.

"கொப்பி இல்லை சேர். களப்பு கடக்கேக்கை தண்ணியோட போட்டுது."

கூட்டம் அவளைப் பிடித்துக்கொண்டது. முகாமில் அவளுடைய தலைமாட்டில் அதே கொப்பியைத் தன் கண்ணால் கண்டதாக, அங்கே அயலில் இருந்த பிரான்சிஸ்கா சொன்னாள். எதையோ ஒளிக்கிறாள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவளுடைய பிள்ளையும் அதே தறப்பாளுக்குக் கீழேதானே நனையப் போகிறது என்று இன்னொரு குரல் கேட்டது. அது உண்மைதான். அவளுடைய மகள் சுபத்திரா மூன்றாம் வகுப்பு, போன மாரியில் நெஞ்சுச் சளியால் செத்துப் பிழைத்த பிள்ளை.

றஊப் கடுமையான மனிதரல்ல. ஆனால் அறிக்கை இல்லாமல் பழைய சங்கம் இல்லை, சங்கம் இல்லாமல் தகரமும் இல்லை என்றார். புதிதாகப் பதிய மூன்று மாதம் செல்லும், அதுவரை தகரம் காத்திருக்காது, அடுத்த பட்டியலில் உள்ள பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும்.

"வடிவா யோசிச்சுப் பாருங்கோ தங்கச்சி," என்றார். "வீட்டில எங்கையாவது இருக்குமோ?"

"இல்லை சேர்."

சொல்லிவிட்டு அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் கலைந்தது. மங்கையற்கரசி மறுபடி தலையைக் குனிந்துகொண்டு தனியே நடந்தாள். சீவரத்தினம் மட்டும் மனோன்மணிக்கு எதிரே வந்து நின்றார்.

"என்ரை பிள்ளையை ஒருக்கா ஷெல் கொண்டு போச்சு," என்றார் மெதுவாக. "இண்டைக்கு நீ கொண்டு போட்டாய்."

"மன்னிச்சுக் கொள்ளுங்கோ அண்ணை."

நடந்து வந்த வழியெல்லாம் தறப்பாள் காற்றில் அடிக்கிற சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பை மூட்டினாள். உலை வைக்கவில்லை. பையிலிருந்து கொப்பியை எடுத்துப் பொலித்தீனைப் பிரித்து, கடைசிப் பக்கத்தில் தன் கையெழுத்தை இன்னுமொரு தடவை வாசித்தாள்.

"பாடசாலையை உடனே மூட வேண்டும் என்ற அதிபர் டொமினிக் அவர்களின் ஆட்சேபம் பதியப்பட்டது. தவணைப் பரீட்சை முடியும்வரை பிள்ளைகளைத் தொடர்ந்து அனுப்புவதெனத் தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவர்: திரு. சீவரத்தினம்."