மூன்றாவது வாய்தா

ராஜா இல்லை, மந்திரி இல்லை, பட்டத்து யானையும் இல்லை. ஆனாலும் நியாயம் கேட்க ஜனங்கள் பஸ் ஏறி வருகிற ஊர் ஒன்று இருந்தது. உத்திரமேரூர். அங்கே கோர்ட்டு வாசலில் ஒரு நாள் காலையில் செங்கேணி தன் வக்கீலையே திட்டிக்கொண்டிருந்தாள்.

“இன்னா மேடம், இது மூணாவது வாய்தா! ஒத்துக்கினு ஃபைன் கட்டினா மத்தியானத்துக்குள்ள வூடு போய்ச் சேரலாம்னு ஊரே சொல்லுது. நீங்க மட்டும் வாணாம் வாணாம்னு இழுத்துக்கினு கீறீங்க. ஓசி வக்கீல்னா இப்டித்தானா?”

வளர்மதி ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார். வசதி இல்லாதவர்களுக்குக் கோர்ட்டே வைத்துக் கொடுக்கும் இலவச வக்கீல் அவர். இந்தப் பேச்சு பழகிப் போயிருந்தது.

செங்கேணியின் புருஷன் ஐசக் தலையைக் குனிந்து நின்றான். பெயிண்டர். ஆறு வயதில் மன்னாரிலிருந்து படகில் வந்தவன். இங்கேயே வளர்ந்து, இங்கேயே கல்யாணம் கட்டி, இரண்டு பிள்ளைகள். கையில் இருப்பது மட்டும் இன்னும் அகதி அட்டைதான்.

வேதாசலம் வீட்டுச் சுவருக்குப் பச்சை அடிக்கும்போதுதான் வினை வந்தது.

“நான் கேட்ட பச்சையாடா இது? அகதிப் பயலுக்குக் கண்ணும் தெரியாதா?” என்றார் வேதாசலம், தெருவே வேடிக்கை பார்க்க.

ஐசக் ஏணியிலிருந்து இறங்கி வந்து ஒரே தள்ளு. அவர் படியில் விழுந்து, புருவத்தில் மூன்று தையல். கேஸ் ஆகிவிட்டது.

ஏட்டு கலைச்செல்வன் பக்கத்தில் வந்தார். “சின்ன கேஸும்மா. ‘ஆமாங்கய்யா, தள்ளினேன்’னு சொன்னா முடிஞ்சுது. டெய்லி பத்து பேரு சொல்லிட்டுப் போறான்.”

“அந்தப் பத்து பேரும் இந்த நாட்டுக்காரங்க, ஏட்டையா” என்றார் வளர்மதி. “ஐசக், நல்லா கேளுங்க. ஒத்துக்கிட்டா அது தண்டனை. நூறு ரூபா ஃபைனா இருந்தாலும் தண்டனைதான். எங்களுக்கு அது அத்தோட போச்சு. உங்களுக்கு அப்படி இல்ல. அந்த ஒரு தாளை வெச்சே, ‘இவரை நாட்டை விட்டு அனுப்பு’ன்னு ஆரம்பிக்கலாம்.”

ஐசக் நிமிர்ந்தான். “எங்க அனுப்புவினம் மேடம்? அங்க எனக்கு ஒருத்தரும் இல்லையே.”

செங்கேணி வளர்மதியின் கையைப் பிடித்தாள். “இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?”

“எனக்கே தெரியாதும்மா. மொத வாய்தா அன்னிக்கு நானும் ஒத்துக்க வைக்கத்தான் இருந்தேன். ஒருத்தர் வந்து தடுத்தார். சென்னை ஃபோன் நம்பர் ஒண்ணு கொடுத்தார். அதுல பேசினவங்க வெளிநாட்டுக்காரங்க கேஸ்ல எங்கள மாதிரி வக்கீலுங்களுக்குச் சட்டம் சொல்லித் தர்றவங்க. அடிபட்டவரே வந்து சமாதானம்னு சொன்னா விடுதலை, தண்டனையே கிடையாதுன்னு அவங்கதான் சொன்னாங்க. அதுக்குத்தான் இழுக்கறேன். நீங்க பயந்துடுவீங்கன்னுதான் சொல்லல.”

“அந்த ஆளா சமாதானம் சொல்லுவாரு? ரெண்டு வாய்தாவும் மூஞ்சத் திருப்பிக்கினு போனவராச்சே!”

சொல்லி வாய் மூடவில்லை, வேதாசலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். புருவத்தில் தழும்பு. அதைப் பார்த்ததும் செங்கேணிக்கு அடக்க முடியவில்லை.

“வராரு பாரு மவராசன்! ஏழை வயித்தெரிச்சல் சும்மா வுடுமா? அதான் உன் புள்ளையவும் மலேசியாக்காரன் ப்ளேன்ல ஏத்தித் தொரத்தி வுட்டான்!”

வளர்மதி பதறி அவள் வாயைப் பொத்தினார்.

வேதாசலம் நின்றார். அவளையே பார்த்தார். விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

“கெடுத்தியே செங்கேணி” என்றான் ஐசக்.

பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள். “சமாதானமா போறீங்களா?” என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார்.

வேதாசலம் கூண்டிலிருந்த ஐசக்கை மேலும் கீழும் பார்த்தார். செங்கேணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

“தப்பாப் பேசுனது நானு. தள்ளுனது அவன். சரிக்குச் சரியாப் போச்சுங்கய்யா. சமாதானம்.”

விடுதலை.

வெளியே வந்ததும் செங்கேணி அழுதாள், சிரித்தாள். அதோடு விட்டாளா? “இத மொத வாய்தாவுலயே சொல்லியிருந்தா இன்னாவாம்?”

“அடி வாங்கினவன் நானு. எனக்குக் கோவம் ஆற வாணாமா?” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேதாசலம் நடந்தார்.

செங்கேணி வக்கீல் பக்கம் திரும்பினாள். “மேடம், நான் பேசுனது தப்பு. மனசுல வெச்சுக்காதீங்க. அந்த நம்பர் குடுத்த புண்ணியவான் யாருன்னு சொல்லுங்க. அவர் கால்ல வுழணும் நானு.”

“சொல்ல மாட்டேன்னு வாக்கு கொடுத்துட்டேனே.” வளர்மதி ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவினார். “ஆனா இந்தப் பேப்பர் யாருக்கும் வாக்கு கொடுக்கல.”

மலேசியக் கோர்ட்டு ஒன்றில் ஃபைன் கட்டிய ரசீதின் ஜெராக்ஸ். ஐசக் எழுத்துக் கூட்டிப் பெயரைப் படித்தான். “தினேஷ்குமார்... வேதாசலம்.”

பின்பக்கம் சென்னை நம்பர். அதற்குக் கீழே பேனாவில் கோணல் எழுத்து. அதைச் செங்கேணி படித்தாள்.

‘சின்ன கேசுன்னு சொன்னாங்கன்னு என் புள்ள ஒத்துக்கினான். அதுக்கே அனுப்பிட்டாங்க. எனக்கு இவன் மேல கோவம் ஆறல. ஆனா இவனை ஒத்துக்க வுடாதீங்க.’

“நைனா!”

கத்தினாள் செங்கேணி. கையெடுத்துக் கும்பிட்டாள்.

வேதாசலம் திரும்பவில்லை. “சுவரு பாதியில நிக்குது. திங்கக்கெழம அவன அனுப்பு. அந்தப் பச்சையே இருக்கட்டும்” என்று சொல்லிக்கொண்டே பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போனார்.